படிக்கட்டும் சக்கர நாற்காலியும்

சக்கரத்தின் கண்டுபிடிப்பை மனித குல முன்னேற்றத்தின் பெருஞ் சாதனையாகப் போற்றாத வரலாற்றுப் பாடநூலை நாம் கண்டதில்லை. ஆனால் அச்சக்கரத்தை வழிமறித்து நிறுத்தும் படியைப் பற்றி எந்தப் பாடநூலும் ஒரு வரியேனும் எழுதியதில்லை. கோயிலுக்குப் படி, மாளிகைக்குப் படி, நீதிமன்றத்துக்குப் படி, பாடசாலைக்குப் படி என, அதிகாரம் எங்கெங்கு குடியேறிற்றோ அங்கெல்லாம் அது தரையினின்றும் சற்று உயர்ந்து நிற்கவே விரும்பியிருக்கின்றது. வெள்ளத்துக்கும் பாம்புக்கும் அஞ்சி உயர்த்தப்பட்ட திண்ணைகளும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், காலால் நடப்பவனை மட்டுமே மனிதனெனக் கொண்டு கட்டப்பட்ட ஓர் உலகில், நடக்க முடியாதவர்கள் சக்கரத்தின் துணையுடன் புகுந்த கதை படிக்கட்டோடு அவர்கள் நடத்திய போராட்டத்தின் கதையாகவே அமைந்துவிட்டது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற 'கதிரை' என்னும் சொல் நமது வீடுகளிலே வழங்குகின்றது. எழுத்திலோ 'சக்கர நாற்காலி' என்கிறோம். நான்கு காலும் இல்லாத ஒன்றை நாற்காலி என்பது வேடிக்கையே. கால்கள் இருந்த இடத்தில் சக்கரங்கள் வந்தன. ஆனால் பெயர் மட்டும் காலை விட மறுக்கின்றது.

நமக்கு நன்கு தெரிந்த பழைய சக்கர நாற்காலிகளுள் ஒன்று ஓர் அரசனுடையது. ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப் கீல்வாதத்தால் முடங்கிய இறுதிக் காலத்தில் அவனுக்கென ஒரு நாற்காலி செய்யப்பட்டது. அவனது அரண்மனைப் பணியாளனான ஜெகான் லெர்மித் என்பவன் 1595ஆம் ஆண்டளவில் வரைந்த அதன் படம் இன்றும் கிடைக்கின்றது. சாய்ந்துகொள்ளலாம், காலை நீட்டிவைக்கலாம், அடியில் சிறு சக்கரங்களும் உண்டு. ஆனால் அதைத் தானாக ஓட்ட மன்னனால் இயலாது. அதற்கான தேவையும் அவனுக்கு எழவில்லை. தள்ளுவதற்கும் தூக்குவதற்கும் ஆள்கள் குறைவில்லாத அரண்மனையில் படிக்கட்டு ஒரு பிரச்சினையே அன்று. பிறர் தோளில் ஏறிச் செல்பவனுக்கு எந்தப் படியும் உயரமானதல்ல.

தோள் கொடுக்க ஆளற்றவனே தானாக இயங்கும் வழியைத் தேடினான் என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரை அடுத்த அல்ட்டோர்ப் என்னும் ஊரில் ஸ்டெபான் பார்ப்ளர் என்ற கடிகாரத் தொழிலாளி வாழ்ந்தான். கால்கள் வழங்காத அவன், 1655இல், தனது இருபத்திரண்டாம் வயதில், கையாற் சுழற்றிச் செலுத்தும் மூன்று சக்கர வண்டியொன்றைத் தானே செய்துகொண்டான். கடிகாரத்தின் பற்சக்கர நுட்பத்தை அறிந்த கைகளுக்கு அது இயல்பாகவே வாய்த்தது. தன் வலுவாலே தான் செல்லும் இத்தகைய நாற்காலிகளுள் முதலாவதாக அறியப்படுவது அரசவையில் அன்றி ஒரு தொழிலாளியின் பட்டறையில் உருவாயிற்று என்பதை நமது ஆசிரியர்கள் வகுப்பிலே சொல்லலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாத் நகரிலே, வெந்நீரூற்றுகளை நாடிவந்த செல்வந்தருக்காக 'பாத் நாற்காலி' தோன்றிற்று. 1750ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் ஹீத் என்பவர் அமைத்த இவ்வண்டியில் அமர்ந்தவர் திசைதிருப்பும் கோலை மட்டும் பிடித்துக்கொள்வார். கூலியாள் ஒருவன் தள்ளுவான் அல்லது இழுப்பான். படி வந்தால் வண்டி நின்றது, கூலியாள் தூக்கினான். அதன் பின்னர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் முடமானோர்க்கு மரத்தாலும் பிரம்பாலும் ஆன நாற்காலிகள் வந்தன. இவையெல்லாம் வீட்டுக்குள்ளும் விறாந்தையிலும் நகரும் தளபாடங்களேயன்றி வீதியில் இறங்கும் வாகனங்களல்ல.

மாற்றம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹேபேர்ட் எவரெஸ்ட் என்னும் பொறியியலாளரும், அவர் நண்பரான ஹரி ஜெனிங்ஸ் என்னும் பொறியியலாளரும் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1933இல் உருக்குக் குழாயாலான ஒரு நாற்காலியைச் செய்தனர். இருக்கையின் அடியில் பெருக்கற்குறி போலக் குறுக்கிட்ட இரு குழாய்கள் இருந்தமையால் அதனை இரு பக்கமும் நெருக்கி மடித்து மோட்டார் வண்டியில் ஏற்ற முடிந்தது. சுமார் ஐம்பது இறாத்தல் எடையுள்ள அந்த அமைப்பே அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகின் பொதுவான சக்கர நாற்காலியாயிற்று. நண்பர் இருவரின் நல்லெண்ணத்தில் தொடங்கிய முயற்சி பெருநிறுவனமாகிச் சந்தையை ஆட்கொண்டது. ஏகபோகம் தொடர்பாக அமெரிக்க நீதித் திணைக்களமே 1977இல் அதன்மீது வழக்குத் தொடுக்க நேர்ந்தது. தொங்கு பறவைக் கருவியில் பறந்து விழுந்து முடமான மரிலின் ஹமில்டன் என்ற பெண், தன் நண்பர் இருவருடன் சேர்ந்து, அக்கருவி செய்யப்படும் அலுமினியக் குழாயைக்கொண்டே பாதி எடையில் நாற்காலி செய்து காட்டியபோதுதான், ஐம்பது இறாத்தல் என்பது இயற்கையின் விதியன்று என்று உலகம் கண்டது.

இந்நாற்காலியின் அமைப்பைச் சற்று உற்று நோக்கினால் படியோடு அதற்குள்ள பகை விளங்கும். பின்னே இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள இரு பெருஞ் சக்கரங்கள். முன்னே எட்டு அங்குலம் அல்லது அதனினும் சிறிய, எத்திசையிலும் திரும்பும் இரு சிறு சக்கரங்கள். நடைபாதை விளிம்பின் உயரம் பொதுவாக ஆறு அங்குலம். உருளும் சக்கரமொன்று தன் அச்சின் உயரத்துக்கு நிகரான, அல்லது அதனினும் உயர்ந்த தடையை வெறுமனே முன்னே தள்ளுவதால் ஏறிவிட முடியாது. இது பௌதிகம். எட்டு அங்குலச் சக்கரத்தின் அச்சு நான்கு அங்குல உயரத்தில் இருக்கின்றது. ஆறு அங்குல விளிம்பு அதற்குச் சுவர். பின் சக்கரத்தின் அச்சோ பன்னிரண்டு அங்குல உயரத்தில் இருப்பதால் அவ்விளிம்பு அதற்கு ஏறக்கூடிய மேடு. எனவே, வேகமாகத் தள்ளிச் சென்று விளிம்பில் மோதினால் நாற்காலி நிற்கும். அமர்ந்திருப்பவர் நிற்கமாட்டார், முன்னே எறியப்படுவார். நாற்காலியைப் படியில் கையாளும் முறைகள் யாவும் இவ்வொரு உண்மையிலிருந்து பிறந்தவை.

அம்முறைகளை நாம் ஏட்டிற் படித்து அறியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழாவிலே, பரிசு பெறவந்த மாணவியொருத்தியை மேடையேற்ற நாமும் வேறு மூவரும் முன்வந்தோம். மண்டப வாயிலில் மூன்று படிகள். உற்சாகம் மிகுந்திருந்தது, அறிவு மிகுந்திருக்கவில்லை. அவளிடம் ஒரு சொல்லும் கேளாமல் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கினோம். நாம் பிடித்தது கைத்தாங்கி. அது கழற்றக்கூடியது என்பதை அது நமது கையோடு வந்தபோதே அறிந்தோம். நல்லவேளையாக, பின்னே நின்றவர் கைப்பிடியை விடவில்லை. மாணவி விழவில்லை, ஆனால் அன்று பரிசைப் பெறும்போது அவள் கைகள் நடுங்கியதைக் கண்டோம். பின்னர் அவளே, எவ்விதக் கோபமுமின்றி, "சேர், முதலிலை என்னட்டைக் கேட்டிருக்கலாம்" என்றாள்.

அவளிடமும், பின் மருத்துவமனை ஊழியர்களிடமும் கற்றதை இங்கு கூறிவைப்பது பயனுடைத்து. விளிம்பில் ஏறும்போது நாற்காலியை நேர்முகமாக நிறுத்தவேண்டும். சரிவாக அணுகினால் ஒரு சக்கரம் மட்டும் ஏறிக் கவிழும். அமர்ந்திருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லி, அவரைப் பின்னே சாய்ந்திருக்கச் செய்யவேண்டும். இருக்கையின் பின்புறம் தரைக்கு அண்மையில் நீண்டிருக்கும் குழாய்முனையை ஒரு காலால் மிதித்து, கைப்பிடிகளைத் தம் பக்கம் இழுத்தால் முன் சக்கரங்கள் எழும். பாரம் கையில் ஏறக்குறைய உணரப்படாத ஒரு நிலை வரும், அதுவே சமநிலை. அந்நிலையில் முன்னே நகர்த்தி, முன் சக்கரங்களை நடைபாதையின் மேல் மெல்ல இறக்கவேண்டும். பின் சக்கரங்கள் விளிம்பைத் தொட்டபின் கைப்பிடிகளை உயர்த்தி உருட்டி ஏற்றவேண்டும். இங்கு வலு தொடையிலிருந்து வரவேண்டும். முதுகை வளைத்துத் தூக்குபவர் மறுநாள் தாமே நோயாளியாவார்.

இறங்குவது வேறு வகை. முன்முகமாக இறக்குவது பெரும் பிழை. தள்ளுபவர் முதலில் தாம் வீதியில் இறங்கி, நாற்காலியின் முதுகு வீதியை நோக்கியிருக்க, பின் சக்கரங்கள் விளிம்பை விட்டு நீங்காது உருண்டு இறங்குமாறு தம் உடலால் தாங்கி இறக்கவேண்டும். பின்னர் நாற்காலியைச் சாய்த்தபடியே பின்னோக்கி இழுத்து, முன் சக்கரங்களும் அமர்ந்திருப்பவரின் பாதங்களும் விளிம்பைக் கடந்தபின்பே தரையில் விடவேண்டும். வீதியில் முதுகு காட்டி இறங்குவதால், வரும் வாகனத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது முதற் கடமை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படிக்கட்டு எனின் ஒருவர் போதாது. ஏறும்போதும் இறங்கும்போதும் அமர்ந்திருப்பவர் முகம் கீழ்ப்படியை நோக்கியே இருக்கவேண்டும்; அதாவது ஏறுகையில் நாற்காலி பின்புறமாக இழுக்கப்படுகின்றது. மேலே நிற்பவர் கைப்பிடிகளைப் பற்றிச் சமநிலைக்குச் சாய்ப்பார். கீழே நிற்பவர் நாற்காலியை நோக்கி நின்று, கழலாத சட்டத்தைப் பிடிப்பார். கைத்தாங்கியையோ கால்தாங்கியையோ ஒருபோதும் பற்றலாகாது. ஒருவர் மட்டும் எண்ணிக்கை சொல்லவேண்டும். அந்த ஒருவர் அமர்ந்திருப்பவராகவே இருப்பது மிக நன்று. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு படி. ஒவ்வொரு படியிலும் பின் சக்கரங்கள் நன்கு அமர்ந்தபின்பே அடுத்தது. மழைநாளில் கைப்பிடியின் றப்பர் உறை வழுகி வருகின்றதா என்று முன்னரே இழுத்துப் பார்ப்பதும், இடுப்புப் பட்டி இருந்தால் கட்டிக்கொள்வதும் சிறு செயல்கள், உயிரைக் காப்பவை.

இத்துணையும் கற்றபின் நம்முள் எழுந்த வினா ஒன்றுண்டு. மூன்று படிகளுக்காக நான்கு ஆள்களின் தசையையும் ஒரு பெண்ணின் அமைதியையும் செலவிடுவதை விட, அப்படிகளையே மாற்றியிருக்கலாகாதா? இவ்வினாவை உலகம் மிகத் தாமதமாகவே கேட்டது.

தாமதத்துக்கு ஒரு காரணம் கொடியது. முதலாம் உலகப் போரில் முள்ளந்தண்டு முறிந்த போர்வீரருட் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவிலேயே மாண்டனர். படியைப் பற்றி முறையிட ஆள் மிஞ்சவில்லை. ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து 1939இல் தப்பிவந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் முள்ளந்தண்டுப் பிரிவைத் தொடங்கி, நோயாளரை இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப்படுக்கவைக்கும் எளிய, ஆனால் அயராத முறையால் அவர்களை வாழவைத்தார். 1948 ஜூலை 29இல் பதினாறு பேரைக்கொண்டு அவர் நடத்திய வில்வித்தைப் போட்டி வளர்ந்து, 1960இல் உரோம் நகரில் இருபத்துமூன்று நாடுகளின் நானூறு வீரர்கள் கூடிய விழாவாயிற்று. அங்கே நடந்தது நமது பொருளுக்கு மிகப் பொருத்தமானது. மின்தூக்கி உள்ள விடுதிகள் கடைசி நேரத்தில் கிடையாமற்போகவே, தூண்கள்மேல் உயர்த்திக் கட்டப்பட்ட கட்டடங்களில் வீரர்கள் தங்கவைக்கப்பட்டனர். பதக்கம் வென்ற தோள்களை இத்தாலியப் போர்வீரர்கள் படிகளில் ஏற்றியும் இறக்கியும் சுமந்தனர். பிலிப் மன்னனின் அரண்மனை நினைவுக்கு வருகின்றதல்லவா? ஒரு வேற்றுமை: மன்னன் கட்டளையிட்டுச் சுமக்கவைத்தான், இவர்கள் வேறு வழியின்றிச் சுமக்கப்பட்டனர்.

நடைபாதை விளிம்பை வெட்டிச் சாய்வாக்கும் முயற்சி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் 1945இலேயே தொடங்கிற்று. போரில் ஊனமுற்றவரும் வழக்கறிஞருமான ஜக் பிஷர் என்பவர் நகரசபைக்கு விண்ணப்பித்தார். உறுப்பிழந்த போர்வீரர் நிறைந்த பெரும் இராணுவ மருத்துவமனை ஒன்று அயல் நகரான பற்றில் கிறீக்கில் இருந்தமையால் இக்குறை பலர் கண்ணிலும் பட்டது. நகரின் மையத்திலே சில மூலைகள் சாய்வாக்கப்பட்டன. ஆனால் பிற நகரங்கள் அதனைப் பின்பற்ற விரையவில்லை. நாட்டுக்காகப் போரிட்டவனுக்குச் செய்யும் கைம்மாறாகவே அது கருதப்பட்டது. குடிமகனின் உரிமையாகக் கருதப்படவில்லை. கைம்மாறு ஒரு மூலையோடு நின்றுவிடும் இயல்புடையது.

இலினோய் பல்கலைக்கழகத்தில் டிமதி நியூஜன்ட் என்பவர் 1948இல் தொடங்கிய திட்டம் மாணவரின் கிளர்ச்சியினாலேயே பிழைத்தது. அவர்கள் பயின்ற கேல்ஸ்பேர்க் வளாகம் 1949இல் மூடப்பட்டபோது, சக்கர நாற்காலி மாணவர்கள் மாநிலத் தலைநகருக்கே சென்று முறையிட்டனர். அதன்பின் தலைமை வளாகத்தில் இடம்பெற்றனர். அங்கு நடந்த ஆராய்ச்சியின் பயனாக 1961இல் அமெரிக்காவின் முதலாவது நியமம் வெளிவந்தது. ஆறு பக்கங்களே கொண்ட சிறு ஏடு அது. ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்னும் விகிதம் அதில் உண்டு. தன் கையால் தன்னை உருட்டிக்கொள்பவர் ஏறக்கூடிய சாய்வின் எல்லையாக அதுவே இன்றளவும் பல நாடுகளில் வழங்குகின்றது. ஆனால் அது நியமம் மட்டுமே, சட்டமன்று. கடைப்பிடிப்பவர் கடைப்பிடிக்கலாம்.

சட்டமாக்கும் வேலையை வீதிகள் செய்தன. இளம்பிள்ளைவாதத்தால் கழுத்துக்குக் கீழ் முடங்கி, இரவில் இரும்பு நுரையீரலுக்குள் உறங்கிய எட் றொபேட்ஸ் 1962இல் கலிபோணியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து வந்த மாணவர்கள் தம்மை 'உருளும் முடவர்' என்ற பொருள்படும் பெயரால் தாமே கேலியாக அழைத்துக்கொண்டு திரண்டனர். இவர்கள் நள்ளிரவில் சம்மட்டியோடு சென்று விளிம்புக் கற்களை உடைத்தனர் என்றொரு கதை பரவலாக வழங்குகின்றது. வீரக் கதைகளை விரும்பும் நமக்கும் அது இனிக்கின்றது. ஆனால் அக்காலத்தில் அவர்களோடிருந்தவர்களின் வாக்குமூலம் அக்கதை மிகைப்பட்டது என்கின்றது. உண்மையில் அவர்கள் செய்தது ஓரிரு பை சீமெந்தைக் குழைத்து, தேவையான மூலைகளில் தாமே சாய்வு அமைத்ததுதான். உடைத்த கதையைவிடப் பூசிய கதையே நமக்கு உயர்ந்ததாகத் தோன்றுகின்றது. 1971 செப்டெம்பர் 28இல் பேர்க்லி நகரசபை, முக்கிய வணிகப் பகுதிகளின் வீதிகளும் நடைபாதைகளும் ஊனமுற்றோர் இயங்கத்தக்கவாறு அமைக்கப்படவேண்டுமெனத் தீர்மானித்தது.

1973இல் அமெரிக்கக் கூட்டரசின் பணம்பெறும் எந்நிறுவனமும் ஊனத்தைக் காரணமாக்கி எவரையும் ஒதுக்கலாகாது என்று சட்டம் வந்தது. அதைச் செயற்படுத்தும் விதிகள் நான்கு ஆண்டுகளாகக் கையொப்பமின்றிக் கிடந்தன. 1977 ஏப்ரல் 5இல் சான் பிரான்சிஸ்கோவின் அரசாங்க அலுவலகமொன்றினுள் சுமார் நூற்றைம்பது பேர் புகுந்து அமர்ந்தனர். மூன்று வாரங்களுக்கு மேலாக அவர்கள் வெளியேறவில்லை. கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் நாள்தோறும் சூடான உணவு கொண்டுவந்தனர். தூதுக்குழுவொன்று வொஷிங்டனுக்குச் சென்றபோது அங்கு சக்கர நாற்காலிகளை ஏற்றும் பேருந்து கிடைக்கவில்லை. இயந்திரத் தொழிலாளர் சங்கம் ஒரு பாரவூர்தியை வாடகைக்கு அமர்த்திக் கொடுத்தது. நிறத்தால் ஒதுக்கப்பட்டவனும், தொழிற்சங்கத்தவனும், படியால் ஒதுக்கப்பட்டவனும் ஒரே வாசலில் சந்தித்த அந்த நாள்களை வரலாற்று மாணவர் தனித்து ஆராயவேண்டும். ஏப்ரல் 28இல் விதிகள் கையொப்பமாயின.

அதற்கடுத்த ஆண்டு டென்வர் நகரில் பத்தொன்பது பேர் பேருந்துகளின் முன்னும் பின்னும் தம்மைக் கிடத்தி இரவு முழுவதும் மறித்தனர். 1990 மார்ச் 12இல் அறுபது பேரளவில் தம் நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் விட்டிறங்கி, அமெரிக்க நாடாளுமன்றத்தின் கற்படிகளிலே கைகளாலும் முழங்கைகளாலும் தவழ்ந்து ஏறினர். எவரும் அவர்களைத் தூக்கவில்லை. தூக்கவேண்டாம் என்பதே அவர்களின் வாதம். ஜூலை 26இல் சட்டம் நிறைவேறிக் கையொப்பமாயிற்று.

இவ்வெற்றியின் நடுவே ஒரு முரண்பாடு எழுந்ததையும் நாம் மறைத்தல் தகாது. விளிம்பு சக்கர நாற்காலிக்குத் தடை. பார்வையற்றவரின் கைத்தடிக்கோ அதுவே 'வீதி தொடங்குகிறது' என்னும் எச்சரிக்கை. விளிம்பைச் சாய்வாக்கியபோது ஒருவரின் வழி திறந்தது, மற்றொருவரின் காப்பு மறைந்தது. விடை ஜப்பானிலிருந்து வந்தது. செய்ச்சி மியாக்கே என்பவர் 1965இல் வடிவமைத்த, காலாலும் தடியாலும் உணரத்தக்க புடைப்புள்ள கற்கள் 1967 மார்ச்சில் ஒக்கயாமா நகரின் வீதியோரத்தில் பதிக்கப்பட்டன. இன்று நல்ல சாய்வுகளின் அடியில் காணும் மஞ்சட் குமிழ்கள் அவையே. ஒடுக்கப்பட்டோரின் தேவைகள் யாவும் தாமாகவே இசைந்துவிடும் என எண்ணும் நம் நண்பர்கள் இதனைக் கருதுவாராக.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலதுகுறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கவையாக்கும் ஒழுங்குவிதிகள் பத்தாண்டு கழித்து, 2006இல் வந்தன. இடைப்பட்ட காலத்திலும் பின்னரும் போரும் கண்ணிவெடியும் எத்தனை பேரைப் புதிதாக நாற்காலிகளில் இருத்தின என்பதை நம் ஊரவர்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை.

அந்தப் பாடசாலைக்கு அண்மையில் மீண்டும் சென்றோம். வாயிலில் ஒரு பலகைச் சாய்வு போடப்பட்டிருந்தது. அதிபர் பெருமையோடு காட்டினார். மூன்று படிகள், படிக்கு ஆறு அங்குலம். மொத்தம் பதினெட்டு அங்குலம். கணக்கின்படி பதினெட்டு அடி நீளம் வேண்டும். பலகையின் நீளம் ஆறு அடி. வெறும் நாற்காலியைத் தள்ளிப் பார்த்தபோதே நமக்கு மூச்சு வாங்கிற்று. அதிபரின் மேசையிலிருந்து ஒரு அடிமட்டத்தை வாங்கி, அவருடனேயே மீண்டும் அளந்தோம். வாயிலின் இடப்புறமாக, மல்லிகைப் பாத்திகளை ஒட்டி, சுவரோரமாக இருபதடிக்கு மேல் வெறும் நிலம் கிடக்கின்றது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதனைப் பேசுவதாக அவர் சொல்லியிருக்கின்றார், நாமும் போகிறோம்.